பிரமிடின் அடியில் ஒரு முறம்

கோயம்புத்தூரில் 1941இல் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேலாண்மைப் பேராசிரியராக உலகப் புகழ்பெற்றவர் சி.கே. பிரகலாத். ஒரு நிறுவனத்தின் வலு அது விற்கும் பொருளில் இல்லை, அதைச் சாத்தியமாக்கும் கூட்டுத் திறனில் இருக்கிறது என்று கேரி ஹேமலுடன் சேர்ந்து 1990இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் வகுப்பறைகளில் பாடம். 2004இல் வெளியான நூலிலோ ஏழைகளை இரக்கத்துக்குரியவர்களாகப் பார்க்காமல் நுகர்வோராகவும் தொழில்முனைவோராகவும் மதிக்கச் சொன்னார். அந்த நூலுக்கான கள ஆய்வுகளில் தன் எம்.பி.ஏ. மாணவர்களையே ஈடுபடுத்தினார். அந்தக் கற்பித்தல் முறை எனக்குப் பிடிக்கும். என் கேள்வி, அந்தக் களத்தில் பெண் எங்கே நிறுத்தப்பட்டாள் என்பதுதான்.

மூன்று இடங்களில் அவளைப் பார்க்கலாம். இந்துஸ்தான் லீவரின் 'சக்தி' திட்டத்தில் சோப்பும் ஷாம்பு பாக்கெட்டும் சுமந்து ஊருக்குள் விற்கிறாள். ஆலன் ஹேமண்டுடன் பிரகலாத் எழுதிய கட்டுரையில் சிவப்பழகு க்ரீம் வாங்குகிறாள்; அது அவளுடைய தேர்வாகவும் அதிகாரமாகவும் வாசிக்கப்படுகிறது. கறுப்பை இழிவாக்கிய சமூகத்தில் அந்தத் தேர்வு யாருடையது? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில், பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களின் கைகள்தான் அறுவை மருத்துவரின் வேகத்தைத் தாங்குகின்றன. ஆனால் குறைந்த செலவின் அதிசயத்தைப் பேசும்போது அந்தக் கைகள் பின்னணிக்குப் போய்விடுகின்றன.

மிச்சிகனில் பிரகலாத்தின் சக பேராசிரியரான அனீல் கர்னானி 2007இல் இதை மறுத்தார். ஏழையை வாங்குபவராகப் பார்ப்பதைவிட உற்பத்தி செய்பவராகப் பார்த்து, வருமானத்தை உயர்த்த வேண்டும் என்றார். அதோடு நான் ஒன்றைச் சேர்ப்பேன்: உற்பத்தியாளர் என்ற சொல்லுக்குள்ளும் பெண்ணின் உழைப்பு எளிதில் மறைந்துபோகும்.

குடியாத்தத்தில் மடியில் முறத்தோடு திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவளுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லை என்று கழிக்கப்படும் பீடி அவள் கணக்கில் நஷ்டம். வீடே தொழிற்கூடம் என்பதால் இடத்துக்கு வாடகையும் விளக்குக்கு மின்கட்டணமும் முதலாளிக்கு மிச்சம். இடையில் அடுப்பைப் பார்ப்பதும் பிள்ளையைப் பார்ப்பதும் எந்தக் கணக்கிலும் இல்லை. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தைக்கும் பெண்களின் கதை வேறு வடிவம். தோல் பதனிடும் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குடிதண்ணீருக்காகக் குடத்தோடு கூடுதல் தூரம் நடந்த கால்களின் நேரத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

'கூட்டுத் திறன்' என்ற பிரகலாத்தின் சொல்லை அவரிடமிருந்தே கடன் வாங்கலாம். இலையைப் பார்த்ததும் பதம் அறியும் விரல், அதைப் பக்கத்து வீட்டுச் சிறுமிக்குச் சொல்லித்தரும் வாய், இவைதான் அந்தத் தொழிலின் திறன். நிறுவனத்துக்குச் சொத்தாகும் திறன், அதை வைத்திருப்பவளுக்கு மட்டும் ஏன் சொத்தாவதில்லை?

மேலாண்மை படிக்கும் மாணவிகளே, உங்கள் கள ஆய்வைச் சொந்தத் தெருவில் தொடங்குங்கள். அம்மா என்ன வாங்குகிறாள் என்று கேட்பதற்கு முன், அவளுடைய கூலியை யார் நிர்ணயிக்கிறார்கள் என்று கேளுங்கள்.