பேராய்வும் பின்னொளியும்

அறிஞர் ஒருவர் தம் வாழ்நாளிற் பல ஆய்வுரைகளை எழுதுகின்றார். அவற்றுள் ஒன்று உலகின் கருத்தை ஈர்க்கின்றது. அதன் பின்னர் அவரது புகழ் வளர்தல் இயல்பே. அதனை அறிய அளவுகோல் வேண்டுவதில்லை. ஆயின் அவ்வோர் ஆய்வின் ஒளி, அதற்கு முன்னர் அவர் எழுதி எவரும் பாராதிருந்த உரைகளின்மீதும் விழுகின்றதா என்பது வேறு வினா. இவ்வினாவுக்கு எண்ணிக்கையால் விடைகூற முயன்ற ஆய்வொன்று 2011ஆம் ஆண்டு ‘பிளோஸ் ஒன்’ என்னும் ஏட்டில் வெளிவந்தது. மஸ்லூமியன், ஹெல்பிங் முதலிய ஐவர் அதனை எழுதினர். அவர்தம் முடிபுகளுட் கொள்ளத்தக்கன எவை, ஐயுறத்தக்கன எவை என்பதை ஈண்டு நோக்குவாம்.

அவர்கள் செய்தது இது. 1990 முதல் 2009 வரை நோபல் பரிசு பெற்றோருள் 124 பேரையும், மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் வேறு விஞ்ஞானிகள் பலரையும் எடுத்துக்கொண்டனர். ஒவ்வொருவர் எழுதிய உரைகளையும் ஆண்டு வரிசையில் நிறுத்தி, பிற ஆய்வாளர் அவற்றை எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என எண்ணினர். பின்னர் ஓர் உரையை எல்லைக்கல்லாகக் கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் அவ்வறிஞரின் ஏனைய உரைகள் பெற்ற மேற்கோள் வீதங்களை ஒப்பிட்டனர். பின்வீதம் முன்வீதத்தை எங்கே பெரிதும் விஞ்சுகின்றதோ அங்கே நிற்பதே அவரது பேராய்வு என்பது அவர் துணிபு. இதற்கு ஜோன் ஃபென் என்பாரை எடுத்துக்காட்டாகத் தருகின்றனர். பெரிய மூலக்கூறுகளை மின்னேற்றம் பெற்ற நுண்துளிகளாகச் சிதறச்செய்து அவற்றின் நிறையை அறியும் முறைபற்றி அவர் 1989இல் ஓர் உரை வெளியிட்டார். 2002இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பங்குபெற்றார். 1989க்குப் பின்னர் அவருடைய பழைய உரைகளும் முன்னையினும் மிகுதியாக எடுத்தாளப்பட்டன.

இம்முடிபு பாராட்டத்தக்கது. உள்ளவனுக்கே மேலும் சேரும் என்னும் நியதி விஞ்ஞான உலகிலும் உண்டென்பதை றொபேட் மேட்டன் 1968இலேயே விளக்கினார். அங்ஙனமாயின், பெயரறியாத ஒருவரது புதுக்கருத்து, பெயர்பெற்றோரின் பழங்கருத்துக்களிடையே எவ்வாறு தலைதூக்கும்? ஒரு பேராய்வு தன்னை மட்டுமன்றித் தன் ஆசிரியரின் உரைகள் அனைத்தையும் ஒருங்கே தூக்கிக்கொண்டு எழுகின்றது என்பது 2011ஆம் ஆண்டின் ஆய்வு தரும் விடை. அது மேட்டன் கூறாத ஒன்று.

ஆயினும் இம்முடிபினுள்ளே, அதன் ஆசிரியர் வற்புறுத்தாத ஓர் உண்மையும் அடங்கியுளது. 1980இல் அச்சான ஓர் உரை 1990இலும் அதே உரைதான், ஓரெழுத்தும் மாறவில்லை. மேற்கோட்டொகை மட்டும் மும்மடங்காயிற்று எனக் கொள்வோம். வளர்ந்தது உரையின் மதிப்பா, ஆசிரியர் பெயரின் நிறையா? புதிய வெளிச்சத்திலே பழைய உரையைத் தேடிப் படித்து அதன் அருமையை உணர்ந்தவரும் ஒரு மேற்கோள் காட்டுவார். படியாமலே பெரியார் ஒருவர் பெயரைத் தம் அடிக்குறிப்பிற் பொறித்துக்கொள்பவரும் ஒரு மேற்கோள் காட்டுவார். எண்ணிக்கை இவ்விருவரையும் ஒரே தட்டில் நிறுக்கும். இத்தகைய தொகைகளைக் கொண்டே பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இன்று பதவியும் உயர்வும் ஆராயப்படுகின்றன என்பதை நினைக்கும்போது இது சிறு குறையன்று. மேலும், பரிசு பெற்றோரையும் ஏற்கெனவே மிகுதியாக எடுத்தாளப்படுவோரையும் மட்டும் தெரிந்தெடுத்து இதனை ஆராய்வது, விளைந்த வயலை மட்டும் அளந்து மழையின் பயனைக் கூறுவதை ஒக்கும்.

இவ்வளவுகோலைத் தமிழர் ஒருவரிடத்து வைத்துப் பார்ப்போம். 1910இல் லாகூரிற் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்து நோக்கிக் கப்பலிற் செல்கையிலே, வெண்குள்ள விண்மீன்களின் திணிவுக்கு ஓர் உச்ச எல்லை உண்டெனக் கணித்தார். அவ்வெல்லை சூரியனது திணிவின் ஏறத்தாழ 1.4 மடங்கு என்பது இன்றைய கணக்கு. இதுபற்றிய சிற்றுரை 1931இல் வெளிவந்தது. 1935ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் இலண்டன் வானியற் கழகக் கூட்டத்தில் அவர் தம் முடிபை விரித்துரைத்தபின், பேரறிஞர் எடிங்டன் எழுந்து அதனை எள்ளிப் பேசினார். போர், பௌலி போன்ற பௌதிகப் பேரறிஞர்கள் சந்திரசேகரே சரியெனத் தனிமையிற் கருதியும், வெளிப்படையாக வாதிட முன்வரவில்லை. இதனைச் சற்று ஊன்றி நோக்குக. உலகின் தலைசிறந்த அறிஞர் சிலரது உடன்பாடு அவருக்கு அன்றே கிடைத்திருந்தது. ஆனால் அது எந்த ஏட்டின் அடிக்குறிப்பிலும் ஏறவில்லை. மேற்கோளை எண்ணுபவன் அதனை எவ்வாறு காண்பான்?

எல்லைக்கல்லை நாட்டும் இடமும் தெளிவாக இல்லை. 1931ஆ, 1935ஆ, விண்மீன்களின் அமைப்புப்பற்றிய அவரது நூல் வெளிவந்த 1939ஆ? அந்நூலோடு அவர் அத்துறையை ஒருவாறு மூடிவைத்து, விண்மீன் கூட்டங்களின் இயக்கம், கதிர்வீச்சின் செலவு, பாய்பொருளின் உறுதிநிலை, கருந்துளைகளின் கணிதம் என ஒவ்வொரு துறையாகச் சென்றார். ஒவ்வொன்றிலும் ஒரு பெருநூல் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனார். வில்லியம் பவுலருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட 1983இல் இளமைக்கால ஆய்வு அரை நூற்றாண்டைக் கடந்திருந்தது. 2011ஆம் ஆண்டின் ஆய்வாளர் எடுத்துக்கொண்ட கால எல்லைக்குள் அவர் பெயர் வரவில்லை. வந்திருப்பினும் அவர்தம் கணக்கு இடர்ப்பட்டிருக்கும். ஏனெனில் ‘சந்திரசேகர் எல்லை’ என்பது இன்று பாடநூற் சொல். மின்தடையைக் குறிக்க ‘ஓம்’ என்பார் யாரேனும் ஓம் என்னும் அறிஞரின் மூலநூலை மேற்கோள் காட்டுகின்றாரா? அதுபோலவே, எல்லையைச் சொல்வோர் 1931ஆம் ஆண்டின் உரையைச் சுட்டாமலே செல்லலாம். எல்லோரிடத்தும் கலந்துவிட்ட ஆய்வு எண்ணிக்கையிலிருந்து மறைந்துபோகும் இந்நிலையையும் மேட்டன் எடுத்துக்காட்டியுள்ளார். மாறாக, தற்போக்கு நிகழ்வுகளைப்பற்றிச் சந்திரசேகர் 1943இல் எழுதிய நீண்ட உரை, வானியலோடு தொடர்பற்ற துறையினராலும் இன்றளவும் மிகுதியாக எடுத்தாளப்படுகின்றது. தொகையை மட்டும் பார்ப்பவன் அதனையே அவரது பேராய்வெனக் கொள்ளவுங்கூடும்.

கோ. நா. இராமச்சந்திரன் கதை வேறுவகையானது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, கொலாஜன் என்னும் புரதம் மூன்று புரிகள் முறுக்குண்ட கயிறுபோன்ற அமைப்புடையது என்று அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் எழுதினர். அவ்வமைப்பில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று பிறர் தடை எழுப்பினர். அத்தடைக்கு விடைதேடப் புகுந்ததன் பயனாகவே, 1963இல் அவர் தம் துணைவரோடு வெளியிட்ட வரைபடம் பிறந்தது. புரதங்களின் அமைப்பைச் சோதிக்கும் எவரும் இன்றும் ‘இராமச்சந்திரன் வரைபடம்’ வரைந்தே பார்க்கின்றனர். பழைய உரையின் குறையே புதிய பேராய்வுக்குத் தாயாயிற்று. இத்தொடர்பைத் தொகை சொல்லாது. உரைகளைப் படித்தே அறியவேண்டும். நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை.

எண்ணிக்கைக்குள் அறவே அகப்படாத சான்று ஒன்று எம் அயலிலேயே உண்டு. கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருதைக் கடந்தால் வருவது காரைதீவு. 1892இல் அங்கே பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கற்று, இலண்டன் விஞ்ஞானப் பட்டம் பெற்று, யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர் பின்னாளில் விபுலானந்த அடிகளானார். பழந்தமிழ் யாழ்களின் உருவத்தையும் சுரநிலைகளையும் இலக்கியச் சான்றுகளாலும் கணித முறையாலும் மீட்டுருவாக்கிய ‘யாழ் நூல்’ 1947 யூன் மாதம் அரங்கேறியது. யூலை 19ஆம் நாள் அடிகள் மறைந்தார். ஆகவே அப்பேராய்வு அவருக்குத் தேடித்தந்த புகழின் பெரும்பகுதி அவர் காணாததே.

அப்புகழ் முன்னோக்கி மட்டும் செல்லவில்லை, பின்னோக்கியும் சென்றது. பல ஏடுகளிற் சிதறிக்கிடந்த அவருடைய கட்டுரைகளை அருள் செல்வநாயகம் தேடித் தொகுத்து நூல்களாக்கினார். யான் வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்த நாட்களில், சேக்சுபியர் நாடகங்களையும் நாடகவியலையும் ஆராயும் ‘மதங்க சூளாமணி’யை எடுத்துப் படித்தது அதன்பொருட்டன்று, யாழ் நூலாசிரியர் வேறு என்ன எழுதினார் என்னும் ஆவலால். அது 1926இல் வெளிவந்த நூல். படித்தபின், வடமொழி நாடக நூலையும் ஆங்கில நாடகத்தையும் தமிழ்க் கூத்தையும் ஒருங்குவைத்து நோக்கும் அதன் முறையே இருபதாண்டுகளின் பின் யாழ் நூலில் முதிர்ந்தது என்பது எனக்குப் புலனாயிற்று. ஃபென்னின் பழைய உரைகளுக்கு நேர்ந்ததும் இதுபோன்ற ஒன்றாகலாம். பின்னொளி மெய் என யான் நம்புவது இவ்வனுபவத்தால். அதே ஒளியில், இரண்டு நூலையும் திறவாமலே ஆண்டுதோறும் யூலையில் மேடையேறி அடிகளின் பெயரை முழங்குவோரையும் கேட்டிருக்கின்றேன்.

இன்னொன்றும் உண்டு. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியராய் அடிகள் அமர்ந்தது 1943இல். அவரிடம் பயின்ற ம. மு. உவைஸ், முஸ்லிம்கள் தமிழிலக்கியத்துக்கு ஆற்றிய தொண்டினை ஆராய்ந்து 1953இல் ஆங்கில நூலொன்று வெளியிட்டார். இஸ்லாமியத் தமிழிலக்கிய ஆராய்ச்சியுட் புகுவோர் இன்றும் அந்நூலைக் கடந்தே செல்லவேண்டும். யாழைப்பற்றிய நூலில் இதற்கு வித்தில்லை. வகுப்பறையில் ஆசிரியன் மாணவனைத் திருப்பிவிடும் திசை எந்தச் சுட்டியிலும் பதிவதில்லை.

ஆங்கில ஏடுகளுக்கு மேற்கோட்சுட்டி 1964 முதல் உளது. தமிழாய்வு ஏடுகளின் அடிக்குறிப்புகளை ஆண்டு வரிசையில் தொகுத்து, மேற்கோள் காட்டியவர் மூலத்தைப் படித்தே காட்டினாரா என்பதையும் இயன்றவரை குறித்துவைத்தால், மேலே கூறிய ஐயத்தைத் தமிழிலாவது ஆராய்ந்து தீர்க்கலாம். ‘செந்தமிழ்’ ஏட்டின் பழைய தொகுதிகளிலிருந்து தொடங்கலாம். அடிகளின் கட்டுரைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, 1947க்கு முன் யார் யார் அவற்றைச் சுட்டினர், பின் யார் யார் சுட்டினர் எனப் பார்த்தல் மாணவர் இருவர் ஓராண்டில் முடிக்கக்கூடிய வேலை.