கோணலும் கணக்கும்: கட்டவிழ்ப்புக் கட்டடக்கலையின் பள்ளிகள்

கட்டவிழ்ப்புக் கட்டடக்கலையின் பள்ளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1988இல் நடந்த கண்காட்சியைப் பற்றியோ, அதில் இடம்பெற்ற எழுவரைப் பற்றியோ நம் கழகத்தாருக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கண்காட்சி நூலை ஒளிநகல் எடுத்துக் கைமாற்றிப் படித்த மூத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் முன் நான் வாதிட விரும்புவது ஒன்றுதான். சுவர் சாய்ந்திருப்பதால் ஒரு கட்டடம் கட்டவிழ்ப்பு ஆகிவிடாது. கட்டடத்தின் ஒழுங்குக்குள் புகுந்து, அந்த ஒழுங்கின் கணக்கைக் கொண்டே அதைக் கேள்வி கேட்பதுதான் கட்டவிழ்ப்பு. ஒழுங்கை முழுதாகக் கற்றவர் கைக்கே அது வசப்படும்.

எழுவரை ஒரே கூரையின் கீழ் நிறுத்தியவர்கள் பிலிப் ஜான்சனும் மார்க் விக்லியும். 1932இல் இதே அருங்காட்சியகத்தில் ஹிட்ச்காக்குடன் சேர்ந்து நவீனக் கட்டடக்கலைக்கு ஒரு பாணிப் பெயரைச் சூட்டிய ஜான்சனுக்கு, அரை நூற்றாண்டுக்குப் பிறகும் கை சும்மா இருக்கவில்லை. இது புதிய பாணி அல்ல என்று முன்னுரையில் அவரே எழுதினார். உலகம் பாணியாகவே வாங்கிக்கொண்டது. உண்மையில் அங்கே நின்றவை குறைந்தது நான்கு மரபுகள். லண்டன் ஏ.ஏ. கட்டடக்கலைப் பள்ளி வழியாக வந்தவர்கள் சூமி, கூல்ஹாஸ், ஸஹா ஹதீத். வியன்னாவில் பழைய மாளிகைக் கூரையைப் பிளந்துகொண்டு அலுவலகம் கட்டிய கூப் ஹிம்மல்பிளௌ குழு தனி மரபு. லாஸ் ஏஞ்சலஸின் ஃபிராங்க் கேரி, 1978இல் தன் சாண்டா மோனிகா வீட்டைத் தகரம், ஒட்டுப்பலகை, கம்பிவலை கொண்டு சுற்றி வளைத்தவர். தத்துவத்தோடு தனக்கு உறவு உண்டென்று உரிமை கோராதவர். நான்காவது நியூயார்க்: 1967இல் ஐசன்மன் தொடங்கிய ஆய்வு நிலையம், அங்கிருந்து வந்த ‘அப்போசிஷன்ஸ்’ இதழ், பக்கத்திலேயே ஜான் ஹெய்டக்கின் கூப்பர் யூனியன், அங்கே பயின்ற லீபஸ்கிண்ட்.

எங்கள் ஆசிரியர் மரபு இந்த நான்காவதைச் சார்ந்தது. அந்தப் பற்றை மறைக்கவில்லை. எங்கள் ஆசிரியரின் பாடத்திட்டத்தில், கோமோ நகரத்தில் தெராக்னி 1936இல் முடித்த காசா தெல் ஃபாஷோவை மாணவர்கள் திரும்பத் திரும்ப வரைந்தாக வேண்டும். முதலில் தரைப்படம், பிறகு வெட்டுப்படம், கடைசியில்தான் முகப்பு. பார்க்க ஒரு சதுரப் பெட்டி; அதன் தூண் வரிசையும் சுவர் வரிசையும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே வேண்டுமென்றே பிசகுகின்றன என்று தேடுவதுதான் பயிற்சி. ஐசன்மன் தன் இளமையில் செய்ததும் இதைத்தான். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1989இல் திறந்த அவருடைய வெக்ஸ்னர் மையத்தைப் படிக்கவும் இதுவே திறவுகோல். பல்கலைக்கழக வளாகத்தின் கட்டக்கோடுகளும் கொலம்பஸ் நகரத் தெருக்களின் கட்டக்கோடுகளும் 12.25 பாகை விலகியிருக்கின்றன. ஐசன்மன் ஒரு கோணத்தையும் கற்பனை செய்யவில்லை. அந்த மண்ணில் ஏற்கெனவே கிடந்த பிசகை எடுத்துக் கட்டடத்துக்குள் ஓடவிட்டார். தரையைத் தொடாமல் தொங்கும் அந்தத் தூண் பலருக்கு வேடிக்கை. இரண்டு கட்டங்களையும் வரைந்து பார்த்தவருக்கு அது கணக்கின் விடை.

மற்ற மரபுகளிலும் சிறந்தவை இந்த அளவுகோலுக்கு நிற்கின்றன. பாரிஸின் பழைய இறைச்சிக்கூட நிலத்தில் சூமி அமைத்த லா வில்லெத் பூங்காவில் ஒவ்வொரு 120 மீட்டருக்கும் ஒரு சிவப்புக் கட்டுமானம் நிற்கிறது. அத்தனை கண்டிப்பான கட்டம் நவீனத்துவரிடமும் அபூர்வம். புள்ளி, கோடு, பரப்பு என மூன்று அமைப்புகளைத் தனித்தனியே ஒழுங்காக அமைத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தார். அவை மோதுமிடத்தில்தான் பூங்கா பிறக்கிறது. லீபஸ்கிண்டின் பெர்லின் யூத அருங்காட்சியகத்தில் மின்னல்போல் மடங்கும் உடலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதை ஊடறுத்து ஒரு நேர்க்கோடு போகிறது என்பதைத் தரைப்படத்தில்தான் காண முடியும். அந்தக் கோட்டில் இருப்பது வெற்றிடம். அழிக்கப்பட்ட மக்களின் இடத்தில் எதையும் வைக்காமல் விட்டது. தெருவிலிருந்து கட்டடத்துக்குத் தனி வாசலும் இல்லை. பக்கத்துப் பரோக் மாளிகைக்குள் நுழைந்து நிலத்தடிக்கு இறங்கித்தான் வர வேண்டும். பெர்லினின் வரலாற்றோடு யூத வரலாறு எப்படிப் பிணைந்தது என்ற வாதம் அந்தப் படிக்கட்டிலேயே முடிந்துவிடுகிறது. 2001இல் காட்சிப்பொருள்களோடு முறையாகத் திறக்கும் முன்பே, வெற்றுக் கட்டடத்தைப் பார்க்க மக்கள் திரண்டதில் வியப்பில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. கட்டவிழ்ப்பைத் தத்துவமாக முன்வைத்த தெரிதாவே இதை ஏற்கவில்லையே என்பார்கள். லா வில்லெத்தில் ஒரு தோட்டத்துக்காக ஐசன்மனோடு உழைத்தவர் அவர். தோட்டம் கட்டப்படவில்லை, பின்னர் ஐசன்மனுக்கு அவர் எழுதிய பகிரங்கக் கடிதத்தில் வறுமையையும் வீடின்மையையும் பற்றிக் கேட்ட கேள்விகள் கூர்மையானவை. ஆனால் உள்ளே இருந்து கேள்வி கேட்பவரிடமே கேள்வி கேட்டதில் முறைப்பிறழ்வு என்ன இருக்கிறது? இன்னொரு மறுப்பு கனமானது: இவை வாழத் தகுந்தவையா? 1982இல் ஹார்வர்டில் ஐசன்மனோடு விவாதித்த கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர், இசைவைக் குலைப்பதை ஒரு கொள்கையாகவே வைத்துக்கொள்வதைக் கண்டித்தார். அவர் பக்கம் சான்றுகள் இருக்கின்றன. ஐசன்மன் வடிவமைத்த ‘ஆறாம் வீட்டில்’ படுக்கையறைத் தரையில் விட்ட பிளவு அங்கே வாழ்ந்த தம்பதியின் கட்டிலைப் பிரித்தது. வெக்ஸ்னர் மையம் திறந்து இருபதாண்டுகூட ஆகாத நிலையில் பெரும் செப்பனிடலுக்காக மூடப்பட்டது. கேரியின் ஸ்டாட்டா மையத்தில் நீர்க்கசிவு என்று எம்.ஐ.டி. 2007இல் வழக்குப் போட்டது. இவற்றை நம் மரபுக்காரர்கள் பூசி மெழுகியது தவறு. ஒழுகும் கூரைக்குத் தத்துவம் சமாதானம் ஆகாது. ஆயினும் ஆறாம் வீட்டின் உரிமையாளர் 1994இல் வெளியிட்ட நூலில் குறைகளோடு அவ்வீட்டின்மேல் தமக்கிருந்த பற்றையும் பதிவுசெய்தார். பெர்லின் அருங்காட்சியகத்தில் இசைவை எதிர்பார்ப்பவர் யார்? இசைவு ஒரு நற்பண்பு. எல்லாக் கட்டடத்துக்கும் அதுவே கடமை என்பதுதான் ஏற்க முடியாதது.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். யாரையும் சுட்டுவது நோக்கமல்ல. இன்று தொழிலில் இருப்பவர்களில் திறமைசாலிகள் பலர். ஆனால் வழக்கமான ஓர் அலுவலகப் பெட்டியை எழுப்பி, அதன்மேல் ஏசிபி என்னும் அலுமினியப் பலகையைக் கோணலாகப் போர்த்தி, கட்டவிழ்ப்பு என்று சான்றிதழ் கொடுத்துக்கொள்ளும் வழக்கம் பெருகிவிட்டது. உள்ளே போனால் லிஃப்ட், தாழ்வாரம், கழிப்பறை எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கின்றன. இசையிலும் இதே கதைதான்: பாஷாங்க ராகத்தில் அன்னிய சுரம் எந்தப் பிடியில் வரலாம் என்று அறிந்தவர்தான் அதைத் தொட வேண்டும். ராகமே பாடத் தெரியாதவர் தொட்டால் அது அபசுரம். 1997இல் கேரியின் பில்பாவோ குகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்ததும் நகரங்களெல்லாம் பளபளப்பைக் கேட்கத் தொடங்கின. அந்த வளைவுகளுக்குப் பின்னால் விமானம் செய்பவர்களின் மென்பொருளைக் கொண்டு கேரி அலுவலகம் பட்ட பாட்டை யாரும் கேட்கவில்லை. எழுவரில் பலர் 1988 வரை மிகக் குறைவாகவே கட்டியிருந்தார்கள். ஹதீதின் ஹாங்காங் ‘பீக்’ திட்டம் கட்டப்படவே இல்லை. அவர்கள் சிந்தித்தது தாளில். இன்றைய மாணவர் வெட்டுப்படம் போடுவதில்லை, போடச் சொல்வாருமில்லை. ஜூரியில் அந்திவானமும் பறவைக்கூட்டமும் நிறைந்த ரெண்டரிங் சுவரை அடைத்துக்கொள்கிறது. படிக்கட்டுக்கு மேல் தலை இடிக்குமா என்று கேட்டால் பதில் இல்லை. தலை இடிப்பதும் கட்டவிழ்ப்புதான் என்று சொல்லத் துணிந்துவிட்டார்கள். பென்சில் பிடிக்காத தலைமுறை, அளவுநாடா பிடிக்காத தலைமுறை, நாளை செங்கலையே பார்க்காத தலைமுறையாகுமோ என்ற அச்சம் மூத்தவர்களுக்கு இருக்கிறது. அது மிகை என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கழகத்தின் மாணவர் போட்டி விதிகளை வகுக்கும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டு முதல் முதற்சுற்றில் தரைப்படமும் இரண்டு வெட்டுப்படங்களும் மட்டும் வாங்குங்கள், அதுவும் கையால் வரைந்தவை. முகப்பையும் ரெண்டரிங்கையும் அந்தச் சுற்றில் தேறியவர்களிடம் கேட்டால் போதும்.