முகம் மாறியதும் பக்கம் மாறியதும்

'இது அவர் இல்லைங்க' என்றார் நண்பர். 2018 நவம்பரில் 'டாக்டர் ஹூ'வின் ஒரு பகுதியைச் சேர்ந்து பார்த்து முடித்திருந்தோம். ஜோடி விட்டேக்கர் டாக்டராகி ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆணாதிக்கம் என்றேன், சாராம்சவாதம் என்றேன், வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். தொழிற்சங்கத்தில் இருபது வருஷம் கழித்த மனிதர் அவர். 'நான் அதைச் சொல்லலை' என்றுவிட்டு எழுந்து போனார். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இந்தக் கட்டுரை ஒருவகையில் அந்தக் கேள்விதான்.

தொடரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1963 நவம்பர் 23 அன்று பி.பி.சி.யில் தொடங்கிய அறிவியல் புனைவுத் தொடர் இது. 1989இல் நின்றது. 1996இல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம். 2005இல் மறுபடி உயிர்பெற்றது. நீலநிறப் போலீஸ் பெட்டி வடிவில் ஒரு காலயந்திரம், அதில் திரிகிற வேற்றுக்கிரகவாசி ஒருவர். டாக்டர் என்பதற்கு மேல் அவருக்குப் பெயரில்லை. 1966இல் முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னலுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. தொடரை நிறுத்த மனமில்லாத தயாரிப்பாளர்கள் ஓர் உபாயம் கண்டார்கள். அவ்வாண்டு அக்டோபர் 29 அன்று ஹார்ட்னல் கீழே விழுந்தார்; கிடந்த முகம் பேட்ரிக் ட்ரௌட்டனுடையதாக மாறியது. உடம்பு புதிது, முகம் புதிது, குணமும்கூடப் புதிது. ஆனால் ஆள் அதே ஆள்தான் என்றது பிரதி. நிர்வாகச் சிக்கலுக்குக் கண்ட வழி, தன்னிலை என்றால் என்ன என்கிற பழைய தத்துவச் சிக்கலை வெகுஜன ஊடகத்தின் நடுக்கூடத்தில் கொண்டுவந்து போட்டது.

ட்ரௌட்டனின் முதல் கதை 'டாலெக்குகளின் சக்தி'. அதன் ஆறு பகுதிகளின் ஒளிநாடாக்களையும் பி.பி.சி. அழித்துவிட்டது, மிஞ்சிய ஒலிப்பதிவை வைத்து 2016இல் அனிமேஷனாக மீட்டெடுத்தார்கள். கூடப் பயணம் செய்யும் பாலி புதிய ஆளை நம்பிவிடுகிறாள். கப்பல்காரப் பையன் பென் நம்ப மறுக்கிறான். பழைய டாக்டரின் மோதிரம் இவர் விரலில் நிற்கவில்லை, கழன்று விழுகிறது. போதாதா? அப்புறம்தான் அந்த இடம் வருகிறது. டாக்டரின் பரம வைரியான டாலெக் இந்தப் புதுமுகத்தைப் பார்த்த மாத்திரத்தில் இன்னார் என்று தெரிந்துகொள்கிறது. நண்பன் மோதிரத்தைப் போட்டுப் பார்க்கிறான். எதிரிக்கு மோதிரம் தேவைப்படவில்லை.

இதை நான் முக்கியமானதாக நினைக்கிறேன். அடையாளம் என்பது உள்ளே பத்திரமாக இருக்கிற ஒரு சாரம் அல்ல. யாருக்கு எதிரே நிற்கிறோம் என்பதில் அது உருவாகிறது. அரைமணிநேரக் குழந்தைகள் தொடர் ஒன்று இதைச் சும்மா போகிறபோக்கில் சொல்லிவிட்டது.

ஆனால் சாரம் இல்லை என்ற இந்தத் தத்துவத்துக்கு ஒரு வேலி இருந்தது. யார் வேண்டுமானாலும் டாக்டர் ஆகலாம்; ஆனால் 2017 வரை அந்த 'யார் வேண்டுமானாலும்' ஒவ்வொரு முறையும் ஒரு வெள்ளை ஆணாகவே இருந்தார். 2017 ஜூலை 16 அன்று விட்டேக்கரின் பெயர் அறிவிக்கப்பட்டபோதுதான் வேலி கண்ணுக்குத் தெரிந்தது. 1981இலிருந்து 1984 வரை டாக்டராக இருந்த பீட்டர் டேவிசனே, பையன்களுக்கு ஒரு முன்மாதிரி போய்விடுகிறதே என்ற தொனியில் வருத்தப்பட்டார். அவருக்குப் பின் வந்த கோலின் பேக்கர் அதை மறுத்தார். நான் கோலின் பேக்கரின் கட்சி. இப்போதும்தான்.

பழைய முகத்தை இழந்தவனின் துக்கமும் புதிய முகத்தை வெறுப்பவனின் துவேஷமும் ஒரே வாக்கியத்தைத்தான் பேசுகின்றன: 'இது அவர் இல்லை.' பிரித்தறிவது எப்படி? துக்கம் கரையும். பீட்டர் கபால்டி வந்தபோது, 2014இல், நானும் முரண்டு பிடித்தேன். நாலு வாரத்தில் சரியாகிவிட்டது. துவேஷமோ முதல் பகுதி வருவதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடும். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு எல்லாரையும் அளந்தேன். என்னை அளக்கவில்லை.

நாங்கள் அன்று பார்த்தது 'கெர்ப்ளாம்!' என்ற பகுதி. கெர்ப்ளாம் என்பது கோள்களுக்கிடையே பொட்டலம் அனுப்பும் ராட்சத நிறுவனம். தொழிலாளிகளில் பத்தில் ஒருவராவது மனிதராக இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டுத்தான் வேலை கிடைக்கிறது. காலில் கண்காணிப்புக் கருவி. சிரித்த முகத்தோடு ரோபோக்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கின்றன. சரி, டாக்டர் வந்தாயிற்று, இனி கம்பெனி பாடு திண்டாட்டம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், வில்லன் ஒரு துப்புரவுத் தொழிலாளி. இயந்திரமயத்தை எதிர்க்கக் குண்டு வைக்கிறான். கம்பெனியின் கணினியோ அவனுக்குப் பாடம் புகட்ட ஓர் அப்பாவிப் பெண்ணைக் கொல்கிறது. அமைப்பில் கோளாறில்லை, பயன்படுத்துபவர்களிடம்தான் என்கிற பொருளில் டாக்டர் பேசுகிறார். தொழிலாளி சாகிறான். மற்றவர்களுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு.

இதே தொடரில், 1977இல், ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய 'சூரியனைச் செய்பவர்கள்' இருக்கிறது. புளூட்டோவில் கம்பெனி ஆட்சி. அப்பன் செத்ததற்கு வரி கட்ட முடியாமல் கூரையிலிருந்து குதிக்கப்போகிறவனை டாம் பேக்கரின் டாக்டர் காப்பாற்றுகிறார். கடைசியில் தொழிலாளிகள் வரி வசூல் அதிகாரியைக் கூரையிலிருந்து தூக்கி எறிகிறார்கள். ஹோம்ஸ் இதை எழுதியது வருமானவரிக்காரர்கள் மீதான சொந்த எரிச்சலில் என்பார்கள். இருக்கட்டும். எரிச்சல் எங்கே கிளம்பினாலும் பிரதி போய்ச்சேர்ந்த இடம் வேறு.

1966இல் எதிரி டாக்டரை எதிரியாக அடையாளம் கண்டது. 'கெர்ப்ளாம்!' கதையிலோ, டாக்டருக்கு உதவி கேட்டுச் சீட்டு அனுப்புவதே கம்பெனியின் கணினி. அவரும் போய் உதவுகிறார். உண்மையான முறிவு இங்கேதான் நடந்தது, உடம்பில் அல்ல. முகம் மாறியதற்கு அழுதவர்களில் பலர் பக்கம் மாறியதைக் கவனிக்கவில்லை. முகத்துக்காக வாதாடிய நானும் கவனிக்கவில்லை. விட்டேக்கரை நான் ஒரு கொடியாகத் தூக்கிப் பிடித்திருந்தேன். கொடியைத் தூக்கியவன் அதை உற்றுப் பார்ப்பதில்லை. இதுவும் ஏற்றுக்கொள்ளாமையின் இன்னொரு வடிவம்தான். கொஞ்சம் மரியாதையான வடிவம். அவர் கையில் கொடுக்கப்பட்ட வசனத்தோடு சண்டை போட்டிருந்தால்தான் அவரை டாக்டராக ஏற்றேன் என்று அர்த்தம்.

அதற்காக முகம் ஒன்றுமேயில்லை என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். ருவாண்டாவில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்த ஷூட்டி கட்வா 2023 டிசம்பரில் டாக்டரானார். 2024 ஜூனில் வந்த, ரஸ்ஸல் டி. டேவிஸ் எழுதிய பகுதி ஒன்றில், சாகக்கிடக்கும் பணக்கார இளைஞர்களைக் காப்பாற்ற டாக்டர் கதவைத் திறந்து வைத்துக் கெஞ்சுகிறார். மறுக்கிறார்கள். அவர் கறுப்பர். அந்த ஊரில் அதுவரை நாம் பார்த்த எல்லா முகமும் வெள்ளை என்பது அப்போதுதான் உறைக்கிறது. அத்தனை நேரம் நமக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. முந்தைய எந்த முகத்தை வைத்தும் இந்தக் காட்சியை எழுதியிருக்க முடியாது. முகம் மாறும்போது சொல்லக்கூடிய கதையும் மாறியாக வேண்டும். மாறாவிட்டால் அது வெறும் ஒட்டுவேலை.

2025 மே 31 அன்று கட்வாவும் போனார். கடைசிச் சட்டகத்தில் தெரிந்தது பில்லி பைப்பரின் முகம். அடுத்து யார், அடுத்து யார் என்ற பேச்சு உடனே கிளம்பிவிட்டது.

நண்பரிடம் சமீபத்தில்தான் கேட்டேன், அன்றைக்கு என்ன சொல்ல வந்தீர்கள் என்று. 'அந்தத் துப்புரவுப் பையன் செத்ததுக்கு அவர் கொஞ்சமாவது கலங்கியிருப்பாருங்க' என்றார். அவர் மனசில் பழைய முகமும் கலந்திருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் இருவரில் டாலெக்கின் கண்ணோடு பார்த்தவர் அவர்தான். நான் மோதிரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.