வெள்ளை வேட்டியும் கருங்கல் சிலையும்

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு வெள்ளை வேட்டியும் தெரியாது, கருங்கல் சிலையும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்குப் போட்டு அளவு சொல்லும். அதை அப்படியே நம்பி எடுத்தால் தாத்தாவின் சலவை வேட்டி மங்கிப்போகும். கருவறைத் தூணின் கருமை வெளிறிப்போகும். வேட்டி படச்சட்டத்தை நிறைத்தால் ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தை இரு மடங்காக்கும் ஒரு படி) கூட்ட வேண்டும். கருங்கல் நிறைத்தால் ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். புதிதாகக் கேமரா தூக்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். தனக்கு என்ன படம் வேண்டும் என்று எடுப்பவர் முடிவு செய்யாதவரை, எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் சராசரியைத்தான் தரும். ஒளிப்படக் கலையின் பள்ளிகள் எல்லாம் இந்த முடிவிலிருந்து பிறந்தவையே.

நம் மண்ணிலேயே தொடங்கலாம். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். அவர் வைத்த அளவுகோல் அதுதான். அதற்காகக் கேமராவின் மட்டமும் சுவருக்கும் கேமராவுக்கும் உள்ள தூரமும் மாறாமல் இடம் இடமாக நகர்ந்திருக்க வேண்டும். இன்று கல்வெட்டு எடுக்கப் போகிறவர்கள் ஃபிளாஷை நேராக அடிக்கிறார்கள். வெட்டின் பள்ளம் நிழலில்லாமல் தட்டையாகிவிடுகிறது. வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் நேரத்துக்குக் காத்திருங்கள். முடியாவிட்டால், உடன் வந்தவர் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பிடிக்கட்டும். மழுங்கிய எழுத்துகூட எழுந்து நிற்கும்.

அடுத்தது ஸ்டூடியோ மரபு. வடக்குப் பார்த்த கண்ணாடி வழியே வரும் மெல்லிய வெளிச்சம், தீட்டிய திரைச்சீலை, கூராகச் சீவிய பென்சிலால் நெகட்டிவின் மேலேயே செய்யும் டச்சிங். அங்கே முகம் தெளிவாக, கௌரவமாக இருக்க வேண்டும். இந்த மரபைச் சிலர் இளக்காரமாகப் பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது. ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, தோளைச் சற்றுத் திருப்பி, மோவாயை ஒரு விரல் அளவு இறக்கச் சொல்லும் அந்தப் பக்குவம் எந்தக் கையேட்டிலும் முழுதாக இல்லை. வீட்டு ஜன்னலோரம் பாட்டியை உட்காரவைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பாருங்கள்.

ஓவியம்போல மென்மையாக்கிய படங்களே கலை என்ற காலமும் இருந்தது. நம் ஊர்ப் போட்டிகளில் இன்றும் அதன் சாயல் உண்டு. 1932-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலியோர் அதை மறுத்துக் குழு சேர்ந்தார்கள். பெரிய கேமரா லென்ஸின் மிகச் சிறிய துளையான எஃப் 64-ஐயே குழுவின் பெயராக்கினார்கள்: அருகில் உள்ள கல்லும் தொலைவில் உள்ள மலையும் ஒரே கூர்மையில் வேண்டும். இன்றைய சிறிய கேமராக்களில் அந்தத் துளைக்குப் போகாதீர்கள். எஃப் 8, எஃப் 11 போதும். 16-ஐத் தாண்டினால் கூர்மை குறையத் தொடங்கும். பின்னர் ஆடம்ஸ், ஃபிரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து கருமை முதல் வெண்மை வரை 11 படிகளாகப் பிரித்தார். மேலே சொன்ன வேட்டிப் பாடம் அந்தப் படிகளிலிருந்து வந்ததே. ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஃபிலிமில் நிழலில் பதியாத விவரம் திரும்ப வராது. டிஜிட்டலில் வெளிச்சத்தில் வெந்துபோன விவரம் திரும்ப வராது. ஆகவே ஸ்டாப் கூட்டினாலும் வேட்டியின் மடிப்புகள் தெரிகின்றனவா என்று திரையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெருப் பள்ளிக்கு ஆசான் ஆன்ரி கார்ட்டியே-பிரெசன். ரமண மகரிஷி மறைந்த 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தவர் அவர். பெரும்பாலும் ஒரே 50 மி.மீ. லென்ஸ்தான். 1932-இல் பிரான்சின் இயேர் நகரில் எடுத்த அவருடைய படம் ஒன்றை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மேலிருந்து பார்க்க, படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும் சுழன்று இறங்குகின்றன. கீழே தெருவில் ஒரு சைக்கிள் கலங்கலாகக் கடக்கிறது. சைக்கிள் இரண்டு அடி முன்னால் போயிருந்தால் படமே இல்லை. பயிற்சிக்கு ஒரு வழி: காலை ஏழரை மணிக்கு வெயில் விழும் ஒரு சுவரைத் தேர்ந்து, பத்தடியில் ஃபோகஸை நிறுத்தி, எஃப் 8 வைத்து, ஒரு மணி நேரம் அசையாமல் நில்லுங்கள். ஆள்கள் வந்து சட்டத்தை நிரப்புவார்கள். ஒரு வருடம் ஒரே லென்ஸோடு இதைச் செய்தவருக்குக் கேமராவைக் கண்ணில் வைக்குமுன்பே சட்டம் தெரிந்துவிடும்.

வண்ணத்தில் ரகுபீர் சிங்கைப் பாருங்கள். அவர் படங்களில் நிறத்தை எடுத்துவிட்டால் படம் நிற்காது. உங்கள் படம் அப்படியில்லை என்றால் கறுப்பு வெள்ளையில் மாற்றிப் பாருங்கள்.

இவர்கள் எல்லோரின் உழைப்பும் பிரிண்டில்தான் முடிந்தது. நம்முடையது கைபேசியில் கிடக்கிறது. ஆண்டுக்குப் பன்னிரண்டு படங்களையாவது தேர்ந்து பிரிண்ட் போடுங்கள். அப்படியே வீட்டுப் பெட்டியில் உள்ள பழைய ஸ்டூடியோ படங்களையும் வெளியே எடுங்கள். படத்தில் இருப்பவரின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் எழுதிவையுங்கள். அவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.