விரல் கடிக்கும் பியானோ

நோபுஹிகோ ஒபயாஷியின் ‘ஹவுஸ்’ (1977) படத்தில் ஒரு பியானோ, தன்னை வாசிக்கும் பெண்ணையே கடித்துத் தின்கிறது. அலறுவதா சிரிப்பதா என்று நாம் முழிப்பதற்குள், துண்டான விரல்கள் கட்டைகள்மேல் துள்ளித் துள்ளி வாசிக்கத் தொடங்கிவிடுகின்றன. வெட்டி ஒட்டியது அப்பட்டமாகத் தெரியும்; ஒபயாஷி அதை மறைக்கப் பார்க்கவே இல்லை. அந்தி வானமும் தீட்டிய திரைதான், பார்த்ததுமே தெரிந்துவிடும். ஆனாலும் அந்த ஆரஞ்சு நிறத்திலிருந்து கண்ணை எடுக்க மனம் வராது. படத்தில் வரும் வெள்ளைப் பூனையின் கண்ணில் பச்சை ஒளி பளிச்சிடும்போதெல்லாம் அந்தப் பேய் வீடு ஏதோ சேட்டைக்குத் தயாராகிறது.

இந்த யோசனைகளில் பலவும் ஒபயாஷியின் மகள் சிகுமி சிறுமியாக இருந்தபோது சொன்னவை. குழந்தையின் பயத்தில் லாஜிக் தேடுவார்களா என்ன? கதை சுமார்தான். ராத்திரியில், சத்தத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள்.