சுடாத துப்பாக்கிக்குச் சூட்டு நீலம்

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளைக் கேலி பேசாத ஸ்கேல் மாடல்காரர் ஒருவரையும் நான் கண்டதில்லை. புதுப் பித்தளையை அமிலத்தில் முக்கி, மண்ணில் புதைத்து, ஒரே மாதத்தில் நூறு வயதை ஏற்றிவிடுகிறார்களாம். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் நூறாண்டு கடந்த கலைப்பொருளை நாட்டைவிட்டு யாரும் தன்போக்கில் கொண்டுபோக முடியாது என்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதன்பிறகு வெளிநாட்டுப் பயணிக்கு வாங்கிப்போக மிஞ்சுவது பழமையின் தோற்றம் மட்டும்தானே? 'ஆன்டிக் ஃபினிஷ்' என்று வாய்விட்டுச் சொல்லியே விற்கிறவர்களும் அங்கே உண்டு.

கேலி பேசிய அதே கை வீட்டுக்குப் போனதும், 1/35 அளவு இயந்திரத் துப்பாக்கியின் குழலில் மஞ்சள், ஊதா, நீலம் என்று ஏர்பிரஷ்ஷால் ஊதத் தொடங்குகிறது. இப்போதெல்லாம் மாடல் மேசைகளில் கைத்தட்டல் இதற்குத்தான். சுட்டுச் சுட்டுக் காய்ந்த உலோகமாம். ஏன் இவ்வளவு பளிச்சென்று என்று கேட்டால், "சின்னப் பொருள், கொஞ்சம் கூட்டினால்தான் கண்ணுக்குத் தெரியும்" என்று பதில் வருகிறது. பல வருடமாகக் கேட்டுவரும் இந்தப் பதிலோடுதான் எனக்குத் தகராறு.

கைத்திறனைக் குறை சொல்லவில்லை. ஒரே கறுப்பாக அடித்த குழல் பிளாஸ்டிக்காகத்தான் தெரியும். சாயல்கள் ஏற ஏறத்தான் அது உலோகமாகிறது. ஒளி ஊடுருவும் வண்ணத்தை மெல்லிய படலங்களாக ஏற்றி, ஓரம் தெரியாமல் ஒன்றில் ஒன்றைக் கரைப்பதற்குப் பொறுமை வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்குத் தமியா நிறுவனம் எரிந்த நீலம், எரிந்த சிவப்பு, எண்ணெய்க் கறை மூன்றையும் ஒரே டப்பாவில் அடைத்துத் தருகிறது. பஞ்சால் தொட்டுத் தேய்த்தால் பள்ளிக்கூடப் பையனின் துப்பாக்கிக்கும் நொடியில் சூடு வந்துவிடும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எஃகில் வரும் அந்த நிறங்கள் சாயமில்லை. சூட்டில் மேற்பரப்பில் படியும் ஆக்சைடுப் படலம், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு தடிமன்கூட இல்லாதது, ஒளியோடு விளையாடுகிற விளையாட்டு அது. 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளம் வைக்கோல் நிறம், 260ஐ ஒட்டிப் பழுப்பு, 280இல் ஊதா, 300இல் நீலம். அதற்கும் மேலே போனால் நீலம் வெளுத்துச் சாம்பலாகிவிடும். உளிக்குத் தோய்ச்சல் போடும் கொல்லருக்கு இது தண்ணீர் பட்ட பாடு. உளியைப் பழுக்கக் காய்ச்சி, முனையை மட்டும் நீரில் தோய்த்தெடுத்து, அந்த இடத்தைப் பளபளவென்று தேய்த்துவிட்டுக் கண்கொட்டாமல் பார்த்திருப்பார். உடம்பில் மிச்சமிருக்கும் சூடு முனையை நோக்கி வரும். முன்னால் வைக்கோல் நிறம் ஓடும். அதன் பின்னாலேயே பழுப்பு, ஊதா, நீலம். வேண்டிய நிறம் முனையைத் தொட்டதும் மறுபடி தண்ணீர். கொஞ்சம் அசந்தால் உளி இளகிப்போகும். வைக்கோல் நிறம் எப்போதும் குளிர்ந்த பக்கம், நீலம் சூட்டின் பக்கம். இந்த வரிசை மாறாது. நம் மாடல் மேசைகளிலோ நீலத்தை ஒட்டி நேராக ஆரஞ்சும், அதற்கடுத்து மறுபடி நீலமுமாகப் பரிசு வாங்கிய குழல்கள் உண்டு.

வரிசையையாவது ஒரு மாலைப் பொழுதில் திருத்திக்கொள்ளலாம். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று யாருமே கேட்காததுதான் என் பழைய வழக்கு. ஜெர்மானிய எம்ஜி-42ஐ எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1,200 குண்டுவரை கக்கும். தொடர்ந்து சுட்டால் 250 குண்டுக்குள் குழலை மாற்றியாக வேண்டும். அதற்காகவே மாற்றுக் குழல்களும் கல்நார்க் கையுறையும் கூடவே போயின. சூடேறுவது உள்ளே இருக்கும் குழல். அதைச் சுற்றி இடைவெளி விட்டு நிற்கிறது துளையிட்ட தகட்டு உறை. நம்மவர்கள் நீலம் பூசுவது உறைக்கு! நம் ராணுவத்தில் நெடுங்காலம் இருந்த பிரென் துப்பாக்கியில் முப்பது குண்டுக்கு ஒருமுறை பெட்டி மாற்ற வேண்டும். அதன் மாடலிலும் முனை மட்டும் மயில் கழுத்தாக மின்னுகிறது. சூட்டை அதிகம் வாங்குவது குண்டு கிளம்பும் அறைக்கு முன்னால் உள்ள உட்புறம். வெளியே அது எங்கே தெரியும் என்பது குழலின் தடிப்பைப் பொறுத்தது. முனை என்பதாலேயே அது அதிகம் காய்ந்துவிடாது. தீக்கொழுந்து முனையில் தெரிகிறது, ஆகவே நீலமும் முனையில். தர்க்கம் இவ்வளவுதான்.

'கூட்டினால்தான் தெரியும்' என்ற வாதத்துக்கு வருகிறேன். 1/35 மாடலை ஓரடி தள்ளி வைத்துப் பார்ப்பது, நிஜத் துப்பாக்கியைப் பத்து மீட்டருக்கும் அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் இரண்டு சென்டிமீட்டர் குழலில் ஊதா தனி, வைக்கோல் தனி என்று பிரிந்து தெரியுமா? தூரம் நிறத்தை மங்கச் செய்யும். அடர்த்தியாக்கிய தூரத்தை நான் கேள்விப்பட்டதில்லை. அளவு சிறுத்ததைக் காரணம் காட்டினால் நிறத்தையும் குறைக்கத்தான் வேண்டும்.

கொச்சிக்காரர்களுக்குப் பழைய பீரங்கி என்றால் தனிப் பிரியம். 1663இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்த ஊர் அல்லவா. அந்தக் காலத்து வாய்வழி மருந்திடும் பீரங்கி மாடல்களுக்கும் இந்த நீலம் தாவியிருப்பதைப் பார்க்கும்போது பொறுமை போகிறது. ஒவ்வொரு வேட்டுக்குப் பின்னும் ஈரத் துடைப்பானை உள்ளே விட்டுத் துடைத்தபிறகே அடுத்த மருந்தைத் திணிப்பார்கள். வாய் முந்நூறு டிகிரிக்குக் காய்ந்திருந்தால் அதற்குள் மருந்துப் பையைத் தள்ள எந்தச் சிப்பாய் முன்வருவான்? வெண்கலப் பீரங்கியை அளவுமீறிச் சுட்டால் உலோகம் இளகி வாய் சரியும். அன்றைய பீரங்கிக்காரரின் கவலை அதுதான்.

தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் நாயக்கர் காலப் பீரங்கி ஒன்று இருக்கிறது. நீளம் ஏறக்குறைய 25 அடி. அது வார்ப்பில்லை. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே காய்ச்சிய இரும்பு வளையங்களை ஒவ்வொன்றாக மாட்டி அடித்து இறுக்கியது. நெருப்பு அதில் என்ன வேலை செய்தது என்பதை வளையத்துக்கு வளையம் தெரியும் பொருத்துக் கோடுகளில் படிக்கலாம். மேனியோ வெறும் கரும்பழுப்பு. அதை மாடலாகச் செய்ய நினைப்பவர் கோடுகளைச் செதுக்கக் கத்தியை எடுக்க வேண்டும்; ஏர்பிரஷ் பெட்டியிலேயே தூங்கட்டும்.

சூடு உலோகத்தை என்ன செய்யும் என்று அறியப் போர்க்களம் போகவும் வேண்டாம். போர்ட் கொச்சி வேளியில் உள்ள தோபிகானாவில் தமிழ் வண்ணார்கள் துணி தேய்க்கும் கரிப்பெட்டியை உற்றுப் பார்த்தால் போதும். வருடக்கணக்காகக் கொட்டாங்கச்சிக் கரியை வயிற்றில் சுமக்கும் பெட்டி. காற்றுத் துளைகளைச் சுற்றிப் புகைக் கறுப்பு, மூடி விளிம்பில் சாம்பல் வெளுப்பு, துணியில் உரசி உரசி அடியில் ஏறிய மினுக்கு. மயில் கழுத்து நீலத்தை அதில் தேடிக் கண்டுபிடிப்பவருக்கு என் வண்ண டப்பாக்களைக் கொடுத்துவிடுகிறேன். அப்படியே எஃகில் நீலம் ஏறினாலும் இந்த ஊர் உப்புக் காற்றில் எண்ணெய் காணாத குழலில் அது நிலைக்காது, துரு விழுங்கிவிடும். மாடல்களிலோ துருவும் நீலமும் பக்கம் பக்கமாகக் குடித்தனம் நடத்துகின்றன.

வார்ஹேமர் வகைக் கற்பனை ஆயுதங்களில் எந்த நீலமும் செல்லும் என்பார்கள். செல்லட்டும், யதார்த்தத்துக்கான பரிசை அதற்குக் கேட்காதவரை. மற்றவற்றுக்கு நடுவர்கள் ஒரு சீட்டைக் கொடுத்து எழுதி வாங்கலாம்: இந்தத் துப்பாக்கி கடைசியாக எத்தனை குண்டு சுட்டது, எவ்வளவு நேரத்தில், சுட்டு எத்தனை நாளாகிறது. எழுத வராதவர் குழலைக் கறுப்பாகவே விட்டுவிடலாம்.