தோற்றது சிம்பொனியா, அரங்கேற்றமா?

செர்கேய் ராக்மனினாஃபின் முதல் சிம்பொனி 1897 மார்ச்சில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியது. அவருக்கு 23 வயது. ஒத்திகை போதவில்லை, கிளாசுனோவ் இசைக்குழுவை நடத்திய விதமும் எடுபடவில்லை. விமர்சகர் செசார் குயி, எகிப்தை வாட்டிய வாதைகளோடு ஒப்பிட்டுப் படைப்பையே கிழித்துப் போட்டார். சரியாக வாசிக்காத குற்றத்துக்குத் தண்டனை எழுதியவருக்குக் கிடைத்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர் பெரிதாக எதையும் எழுதவில்லை. அவர் உயிரோடிருந்தவரை அந்த சிம்பொனி மீண்டும் மேடையேறவே இல்லை.

மருத்துவர் நிக்கோலாய் டாலின் சிகிச்சைக்குப் பிறகுதான் மீண்டார். 1901இல் முழுமையாக அரங்கேறிய இரண்டாம் பியானோ கான்செர்ட்டோவின் தொடக்கத்தைக் கவனியுங்கள்: பியானோ மட்டும் தனியாக, மணியோசை போன்ற கனத்த சுரக்கூட்டுகளை மெல்லத் தொடங்கிப் படிப்படியாக உரக்க எழுப்பும், அதன் பிறகே வயலின்கள் மெட்டை ஏந்தி நுழையும். ரசிகர்கள் அன்றே சொக்கிப்போனார்கள். ஆனால் புதுமைவாதம் கோலோச்சிய காலத்தில் உருக்கமான மெட்டு பழமையின் அடையாளமானது. அவருடைய புகழ் நீடிக்காது என்றே 1954ஆம் ஆண்டு குரோவ் இசை அகராதி கணித்தது.

மேடைகளும் தம் பங்குக்குத் தீங்கு செய்தன. சுமார் ஒரு மணி நேரம் ஓடும் இரண்டாம் சிம்பொனியைப் பல பத்தாண்டுகள் வெட்டிச் சுருக்கியே வாசித்தார்கள். ஆந்த்ரே பிரெவினும் லண்டன் சிம்பொனி இசைக்குழுவும் 1966இல் பதிவு செய்ததுகூட வெட்டிய வடிவம்தான். அதே கூட்டணி 1973இல் வெட்டில்லாமல் வாசித்தபோது படைப்பின் உண்மையான உயரம் தெரிந்தது. மூன்றாம் பகுதியில் கிளாரினெட் அவசரமின்றி நெடுமூச்சாக இழைக்கும் மெட்டைக் கேளுங்கள். பின்னால் வரும் உச்சம் அந்த நிதானத்திலிருந்தே வலுப்பெறுகிறது. நீளத்தைக் குறைத்தால் உச்சமும் சரிந்துவிடும்.

முதல் சிம்பொனிக்கும் நீதி கிடைத்தது. லெனின்கிராட்டில் கண்டெடுத்த வாத்தியக் குறிப்புகளிலிருந்து மீட்டெடுத்து, 1945இல் மாஸ்கோவில் வாசித்தார்கள். அதைக் கேட்க ராக்மனினாஃப் இல்லை, 1943இலேயே மறைந்துவிட்டார்.

ஒரு மாலையின் வாசிப்பை வைத்து ஒரு படைப்பாளிக்குத் தீர்ப்பு எழுதுவது அநியாயம். விமர்சகர்களே, வாசிப்பின் குறையையும் படைப்பின் குறையையும் பிரித்து எழுதுங்கள். ரசிகர்களே, முழுதாகக் கேட்ட பிறகே முடிவுக்கு வாருங்கள்.